குளத்துக்குள் ஓர் ஓதம்

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிக் கிடக்கிறது நஞ்சராயன் குளம். தை மாதக் காலையில் அதன் கரையில் பைனாகுலரோடு நிற்பவரை, அந்த வழியாகப் போகிறவர்களில் ஒருவராவது நிறுத்திக் கேட்பார்: "ஏனுங்க, அங்க சேத்துல ஓடுதே, அது என்ன குருவிங்க?" கொசு உள்ளான் என்று பெயரைச் சொல்லி, கோடியக்கரையில் இதையே கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "கடலோரத்துல இருக்கறதுக்கு நம்மூர்ல என்னங்க வேலை?"

நியாயமான கேள்விதான். திருப்பூரிலிருந்து கிழக்கே கோடியக்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பொன்னானிக் கடற்கரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஆனாலும் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் நஞ்சராயன் குளத்திலும், சூலூர், சிங்காநல்லூர் குளங்களிலும், உக்கடம் பெரியகுளத்திலும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகின்றன. அலையும் மணலும் இல்லாத ஊரில் அவற்றுக்கு என்ன கிடைக்கிறது?

## தேடி வருவது கடலை அல்ல

நீரோரத்தில் நடந்தும் ஓடியும் இரை பொறுக்கும் நீள்கால் பறவைகளைக் கரைப் பறவைகள் என்போம். வாத்தைப் போல் இவை நீந்தி இரை தேடுவதில்லை. முக்குளிப்பானைப் போல் மூழ்குவதுமில்லை. கால் எட்டும் ஆழம்வரைதான் இவற்றின் உலகம்.

அந்த உலகம் மிகவும் ஒடுங்கியது. கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். அதன் கால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீரைத் தாங்கும். பவளக்கால் உள்ளானுக்குச் சிவந்த கால் ஒரு சாண் நீளம். அது பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில்கூட அலட்டிக்கொள்ளாமல் நடக்கும். எதுவாக இருந்தாலும் தேவை ஒன்றே: மேலே கொஞ்சம் நீர், அடியில் இளகிய சேறு. நீரும் நிலமும் சந்திக்கும் இந்தப் பட்டையை இந்த அத்தியாயம் முழுவதும் 'ஈரவிளிம்பு' என்றே அழைப்போம்.

கடற்கரையில் ஈரவிளிம்பு நிறைய உண்டு என்பதால் அங்கே இந்தப் பறவைகள் கூட்டமாகச் சேர்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை கடல் என்பது ஈரவிளிம்பு கிடைக்கும் இடங்களில் ஒன்று, அவ்வளவே. கடலையே நம்பி வாழும் பறவைகளும் இல்லாமல் இல்லை. கடலோர நண்டுகளை உடைத்துத் தின்னும் நண்டுண்ணி அப்படிப்பட்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் அதைப் பார்க்கலாம். கொங்கு நாட்டுக் குளங்களில் தேட வேண்டியதில்லை. கொசு உள்ளானுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

உப்பும் அதற்குத் தடையில்லை. கடலோரம் இரை தேடும் பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி ஒன்று இருக்கிறது. உடலில் மிஞ்சும் உப்பை இரத்தத்திலிருந்து பிரித்து மூக்குத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுவது அதன் வேலை. உப்பு மிகுந்த இடத்தில் இந்தச் சுரப்பி பருக்கும். நன்னீருக்கு வந்தால் வேலை குறைந்து சிறுக்கும். ஆகவே ஒரே பறவை வேதாரண்யம் உப்பளத்திலும் வயிறு நிரப்பலாம், நொய்யல் பாசனக் குளத்திலும் நிரப்பலாம்.

## நாற்றமடிக்கும் சேற்றில் என்ன விருந்து?

குளத்தோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. கழிவுநீர் கலந்து மூக்கைப் பொத்த வைக்கும் குளத்திலும் பறவைகள் ஏன் இவ்வளவு?

அந்திக்கருக்கலில் குளத்தோரத் தெருவிளக்கைச் சுற்றிப் புகைபோல் மொய்க்கும் பூச்சிகளைக் கவனித்திருப்பீர்கள். பார்க்கக் கொசு மாதிரி, ஆனால் கடிக்காது. இறக்கை முளைத்தபின் அதற்கு ஆயுள் சில நாட்கள்தான். வாழ்வின் பெரும்பகுதியை அது சேற்றுக்குள் புழுவாகவே கழிக்கிறது. அந்தப் புழு இரத்தச் சிவப்பாக இருக்கும். மீன்தொட்டிக் கடைகளில் 'பிளட் வார்ம்' என்று விற்பது இந்தப் புழுதான். சிவப்புக்குக் காரணம், நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த, மற்ற உயிர்கள் மூச்சுத்திணறும் சேற்றிலும் இந்தப் புழுவால் தாக்குப்பிடிக்க முடிவது அதனால்தான்.

சாக்கடை நீர் கொண்டுவரும் அழுகல், புழுவுக்கு உணவு. போட்டியாளர்களும் அங்கே குறைவு. ஆகவே புழு பெருகுகிறது. புழுவைத் தேடிப் பறவை வருகிறது. இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பெறலாம். பறவைகள் திரண்டிருப்பதால் அந்த நீர் நல்ல நீர் என்று ஆகிவிடாது. சாயக் கழிவும் உலோகக் கழிவும் கலக்கும் இடத்தில் அந்த நஞ்சும் புழு வழியாகப் பறவையின் உடலில் சேரக்கூடும். சாயத் தொழிலால் நொய்யல் கெட்ட கதையும், முழுச் சுத்திகரிப்பு இல்லாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

## அலகு நுனியில் ஒரு விரல்

சேற்றுக்குள் புழு இருப்பது பறவைக்கு எப்படித் தெரிகிறது? எல்லாப் பறவைக்கும் ஒரே வழியில்லை. பட்டாணி உப்புக்கொத்தி கண்ணை நம்புகிறது. உருண்டைக் கண், குட்டை அலகு; நாலு எட்டு ஓடும், நிற்கும், உற்றுப் பார்த்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான் வகைகளோ அலகைச் சேற்றில் விட்டு விட்டு எடுக்கின்றன. பல நேரம் அவை கண்ணால் காணாததைப் பிடிக்கின்றன.

இதை நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். தேயுனிஸ் பியர்ஸ்மாவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அது. கொசு உள்ளானுக்குப் பெரிய உறவுமுறையான ஒரு பறவையைப் பழக்கி, மணல் நிறைத்த வாளிகளை அதன் முன் வைத்தார்கள். சில வாளிகளில் மணலுக்கடியில் கல் புதைத்திருந்தது. சிலவற்றில் வெறும் மணல். கல்லுக்கு வாசனையும் அசைவும் கிடையாது. இருந்தும், கல் உள்ள வாளி எது என்பதைப் பறவை கண்டுபிடித்தது. மணல் ஈரமாக இருந்தவரைக்கும்தான் அது நடந்தது. மணல் காய்ந்தபின் பறவையால் சொல்ல முடியவில்லை.

விளக்கம் இது. அலகை ஈர மணலில் குத்தும்போது மணற்துகள்களுக்கு இடையில் உள்ள நீர் நாலாபக்கமும் அழுத்தப்படுகிறது. வழியில் கல்லோ சிப்பியோ இருந்தால் நீர் அதைக் கடந்து போக முடியாமல் அழுத்தம் அந்தப் பக்கம் கூடுகிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டை அலகு நுனியில் குழிகுழியாகப் பதிந்திருக்கும் தொடுவுணர்வு உயிரணுக் கூட்டங்கள் உணர்ந்துவிடுகின்றன. அதாவது, தொடாமலே தொட்டறிகிறது அலகு.

நமக்கு இதில் முக்கியமானது ஒன்று. இந்த வித்தைக்கு ஈரம் வேண்டும். காய்ந்து வெடித்த வண்டலில் அலகு இறங்காது. இறங்கினாலும் செய்தி வராது. ஆழ்நீரில் கால் எட்டாது. நடுவில் இருக்கும் அந்த மெல்லிய பட்டைதான் சாப்பாட்டுக் கூடம்.

## ஒரு முளைக்குச்சிக் கணக்கு

இனி ஒரு குளத்தைக் கற்பனையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொங்கு நாட்டுக் குளங்களின் அமைப்பு பொதுவாக ஒன்றுதான். தாழ்ந்த பக்கத்தில் மண்ணால் உயர்த்திய கரை, அதில் மதகு. அங்கே நீர் ஆழம். எதிர்ப்பக்கம், வரத்து வாய்க்கால் வந்து சேரும் இடம்; அங்கே தரை மிக மெல்லச் சரிந்து ஏறும். நம் குளத்தில் அந்தச் சரிவு 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய குளம். ஜனவரி முதல் தேதியன்று, 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓரிடத்தில் ஒரு முளைக்குச்சி அடிக்கிறோம். வெயில், காற்று, பாசனம், மண்ணுக்குள் இறங்குவது எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் நீர் குறைகிறது என்பது நம் அனுமானம். அந்த ஒரே குச்சியடியில் யார் யார் வருகிறார்கள் பாருங்கள்.

முதல் வாரங்களில் முக்குளிப்பான் மூழ்கி மீன் பிடிக்கிறது, நாமக்கோழி நீந்துகிறது. மாதக் கடைசியில் ஆழம் 30 சென்டிமீட்டர். ஊசிவால் வாத்து தலையைக் கீழே கவிழ்த்து, வாலை வானத்துக்குக் காட்டி, அடிச்சேற்றை மேய்கிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் 25 சென்டிமீட்டர். மஞ்சள் மூக்கு நாரை நடந்தே வந்துவிடும். அந்த மாத நடுவில் 15 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் பவளக்கால் உள்ளானின் முறை. இருபத்தைந்தாம் தேதி வாக்கில் ஐந்து சென்டிமீட்டர். பொறி உள்ளான் இறங்குகிறது. மாதக் கடைசியில் இரண்டு சென்டிமீட்டர். கொசு உள்ளான்கள் மொய்க்கின்றன. மார்ச் 2ஆம் தேதி குச்சியடியில் நீரில்லை, பளபளக்கும் சேறு மட்டும். பட்டாணி உப்புக்கொத்தி ஓடுகிறது. இன்னும் சில நாளில் சேறு இறுகியதும் வாலாட்டிக் குருவியும் ஆள்காட்டியும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

இடம் ஒன்றுதான், ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. பறவைகள் அடித்துக்கொள்ளாமல் ஒரே குளத்தைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்பதற்கும் பாதி விடை இதில் கிடைத்துவிடுகிறது. கால் நீளமும் அலகு நீளமும் ஆளுக்கொரு ஆழத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கின்றன.

நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் நீர் இறங்கினால், இந்தச் சரிவில் நீர்க்கோடு நாளுக்கு இரண்டு மீட்டர் பின்வாங்கும். வரத்துப் பக்கக் கரையின் நீளம் ஒரு கிலோமீட்டர் என்றால், தினமும் 2,000 சதுர மீட்டர் புதுச் சேறு திறக்கிறது. நேற்று எந்த அலகும் எட்டாத புழு இன்று எட்டும் தூரத்தில்.

## நிலா இழுப்பதும் வெயில் இழுப்பதும்

கடல் நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். நிலாவின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து நடத்துவது அது. நம் கரைகளில் பொதுவாக நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வடியும். வடியும்போது திறக்கும் சேற்றில் கரைப் பறவைகள் இறங்கிவிடும், பகல் இரவு பாராமல். ஏறும்போது மேட்டில் ஒதுங்கி நிற்கும். நம் முளைக்குச்சியை ஒரு கடலோரச் சேற்றுவெளியில் அடித்திருந்தால், இரண்டு மாதத்தில் பார்த்த வரிசையைச் சில மணி நேரத்தில் பார்த்து முடித்திருக்கலாம்.

நொய்யல் குளத்தில் நடப்பதும் ஓதந்தான். நிலாவுக்குப் பதிலாக வெயிலும் மதகும் அதை நடத்துகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறி, பங்குனி, சித்திரைக்குள் வடிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் மிக மெதுவான ஓதம்.

அந்த மெதுவான ஓதத்தின் காலமும் பறவைகளுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. கொசு உள்ளான் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் வட்டாரத்தின் மரமற்ற தூந்திர வெளிகளில். ஆகஸ்ட், செப்டம்பரில் தெற்கே வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்புகிறது. திரும்பும் முன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். நெடுந்தொலைவு போகும் சில கரைப் பறவைகள் புறப்படும் முன் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. சரியாக அந்தக் காலத்தில்தான், மாசி, பங்குனியில், நம் குளங்கள் நாள்தோறும் புதுச் சேற்றைத் திறந்து வைக்கின்றன. குளம் வெட்டியவர்கள் நெல்லையும் மஞ்சளையும்தான் நினைத்து வெட்டினார்கள். சைபீரியாவுக்குப் போகும் வழிப்பயணிக்கும் அதில் கட்டுச்சோறு கிடைத்தது.

## தட்டும் டம்ளரும்

ஒரே அளவு நீரைச் சாப்பாட்டுத் தட்டிலும் ஊற்றலாம், டம்ளரிலும் ஊற்றலாம். தட்டில் விளிம்பு அகலம். டம்ளரில் விளிம்பே இல்லை. குளத்தின் விதியும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

முந்தைய கணக்கையே தொடர்வோம். இரண்டு சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்கும் கொசு உள்ளானுக்கு, நம் மெல்லிய சரிவில் நான்கு மீட்டர் அகல ஈரவிளிம்பு கிடைக்கிறது. அதே குளத்தின் ஓரத்தை வெட்டி, கல் பதித்து, இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவாக மாற்றினால்? கிடைப்பது நான்கு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓரத்தில் 4,000 சதுர மீட்டராக இருந்த மேய்ச்சல் நிலம் 40 சதுர மீட்டராகிவிடும். அதுவும் சேறாக இருக்காது, கல்லாக இருக்கும். பவளக்கால் உள்ளானின் 30 மீட்டர் பட்டை 30 சென்டிமீட்டராகும்.

குளத்தில் நீரின் அளவு குறையவில்லை, கூடியிருக்கவும் கூடும். சுற்றிலும் நடைபாதை, விளக்கு, இருக்கை, நடுவே ததும்பும் நீர் என்று பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் ஓதம் அங்கே நின்றுபோனது. தூர்வாருவது வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி, இங்கே ஒவ்வொரு சொட்டு நீரும் வேண்டும். மதகுப் பக்கம் ஆழப்படுத்தி, வரத்துப் பக்கத்தின் சரிவைத் தொடாமல் விட்டால் நீருக்கும் இடமிருக்கும், பறவைக்கும் இடமிருக்கும். எடுத்த வண்டலை நடுவே தாழ்வான திட்டாகப் போட்டால், நாய் நுழையாத இடம் ஒன்றும் கிடைக்கும்.

ஆகாயத்தாமரை இன்னொரு வகையில் ஈரவிளிம்பைத் தின்கிறது. அதன் மீது இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் நடக்கும்; அதற்கடியில் இருக்கும் சேற்றை எந்த உள்ளானும் எட்டாது.

## நிறைகுளம் யாருக்கு?

அப்படியானால் குறைநீர்தான் நல்லதா? ஈரோடு மாவட்டம் வெள்ளோட்டுக்குப் போனால் விடை வேறு. 77 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளம் 1996இல் பறவைகள் சரணாலயமானது. கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் அங்கே நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நின்றால்தான் பூனையும் கீரியும் கூட்டை நெருங்காது. குஞ்சுக்கு மீனும் அருகிலேயே கிடைக்கும். அவற்றுக்கு நிறைகுளம் வேண்டும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்துவருவது செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருகிறது.

ஆகவே நிறைந்தே இருக்கும் குளமும் போதாது, வற்றியே கிடக்கும் குளமும் போதாது. ஏறுவதும் இறங்குவதும் நடக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் ஒன்று நிறைந்தும் ஒன்று வடிந்தும் பல குளங்கள் இருந்தால், பறவைக்கு எப்போதும் எங்காவது ஓர் ஆழம் வாய்க்கும். நொய்யலின் தடுப்பணைகளிலிருந்து வாய்க்கால் பிரித்துக் குளத்திலிருந்து குளத்துக்கு நீரைக் கடத்திய பழைய ஏற்பாடு அறியாமலே செய்து வைத்தது அதைத்தான்.

ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பட்டியலில், கோடியக்கரை 2002இலேயே சேர்ந்தது. வெள்ளோடு 2022இல் சேர்ந்தது. தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளம், ஏறத்தாழ 126 ஹெக்டேர், 2024 ஆகஸ்டில் சேர்ந்தது. அதே அறிவிப்பில் அதனோடு இடம்பெற்றது, விழுப்புரம் மாவட்டத்தில் கடலையொட்டிய கழுவெளி. கடலோரக் கழுவெளியும் கொங்குப் பாசனக் குளமும் ஒரே நாளில் ஒரே பட்டியலில் ஏறியது பொருத்தம்தான். இரண்டிலும் இரை பொறுக்கும் கால்கள் பல ஒன்றே.

## கரையில் நடப்பவருக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை, வெயில் ஏறுமுன் போவது நல்லது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பாகவே தெரியும். கரையின் உச்சியில் நிற்பவர் வானத்தை ஒட்டிய நிழலுருவமாகப் பறவைக்குத் தென்படுவார். வெளிச்சரிவில் சற்றுக் கீழே நடந்து, நின்று பார்க்கும்போது மட்டும் மேலே வருவது உத்தமம்.

ஒவ்வொரு பறவையும் நம்மை ஓர் அளவு தூரம்வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எழும்பிவிடும். அந்தத் தூரத்தை எழும்பும் தொலைவு என்போம். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலை தூக்கி அசையாமல் நின்றால் அந்த எல்லையில் இருக்கிறீர்கள் என்று பொருள், ஓரடி பின்வாங்குங்கள். கொழுப்புச் சேர்க்க வந்த பறவையை மறுபடி மறுபடி எழுப்பினால் அது சேர்த்ததைச் செலவழித்துவிடும்.

பார்க்கும் வரிசையும் இருக்கிறது. மதகுப் பக்க ஆழ்நீரில் தொடங்கி வரத்துப் பக்கம் நடந்தால், நம் முளைக்குச்சி இரண்டு மாதத்தில் கண்டதை ஒரே நடையில் காணலாம்: முக்குளிப்பான், வாத்து, நாரை, பவளக்கால், பொறி உள்ளான், கொசு உள்ளான், கடைசியில் உப்புக்கொத்தி. பெயர் தெரியாவிட்டாலும் பறவை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அடையாளம் பாதி வந்துவிடும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலே போதும். எண்ணும்போது பட்டியலுக்கு மேலே ஒரு வரி கூடுதலாக எழுதி வையுங்கள்: நீர்க்கோடு இன்று எந்தக் கல்லில், எந்த மரத்தடியில் நிற்கிறது என்று. மாசியிலும் பங்குனியிலும் அதே இடத்தில் நின்று மறுபடி எழுதுங்கள். சில ஆண்டுகள் சேர்ந்தால், உங்கள் ஊர்க் குளத்தின் ஓதம் எப்போது எவ்வளவு வடிகிறது, எந்தக் கோட்டில் எந்தப் பறவை நிற்கிறது என்ற அட்டவணை கையில் இருக்கும். அடுத்த முறை தூர்வாரும் வண்டி வரும்போது, எந்தப் பக்கத்தை ஆழப்படுத்தலாம், எந்தச் சரிவைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு ஊரிடம் அது ஒரு சான்றாக நிற்கும்.